சாவிண்டா 1965: முதல் கவச டிவிஷன் ஜெயிச்சுதா, சொதப்பிச்சா?

கோவை_டீசல்:
"65ல நம்ம முதல் கவச டிவிஷன் சியால்கோட் பக்கம் கிழிச்சு தொங்கவிட்டுச்சு"ன்னு இன்னொரு திரியில ஒருத்தர் எழுதியிருக்காரு. 65 பாகிஸ்தான் போர்ல நம்ம இந்த டாங்க் படை எதை கிழிச்சுதுன்னு சொன்னா தேவலை. பிளான் என்ன, ஜம்முல சாம்பா பக்கமா பாகிஸ்தானுக்குள்ள பூந்து மராலா-ராவி கால்வாய் வரைக்கும் போறது. கால்வாயை விடுங்க, வழியில இருக்குற சாவிண்டா ஊரையே புடிக்க முடியல. செப்டம்பர் 8 கட்கோர் கிட்ட பாகிஸ்தானோட 25 கேவல்ரி, ஒரே ஒரு டாங்க் ரெஜிமென்ட், குறுக்க வந்து நின்னதுக்கே எதிர்ல பெரும்படை நிக்குதுன்னு நெனச்சு பிரேக் போட்டாச்சு. அடுத்த அடி 11ந்தேதி. அதுக்குள்ள அவன் சும்மாவா இருப்பான், 6வது கவச டிவிஷன கொண்டாந்து நிறுத்திட்டான்.

ரிசாலா_மணி:
ஏன் பாஸ், மேப்ப விரிச்சு வச்சுகிட்டு பேசினா எல்லாமே ஈசி தான். 11ந்தேதி சாவிண்டாவுக்கு முன்னாடி இருக்குற பில்லோராவ புடிச்சது யாரு? 17 ஹார்ஸ் டாங்க் ரெஜிமென்ட்டோட சிஓ (கமாண்டர்) தாராபூர் அடிபட்டும் ஆஸ்பத்திரிக்கு போக மாட்டேன்னுட்டு டாங்க்லயே இருந்தாரு, 14ந்தேதி வசீர்வாலி சண்டை, 16ந்தேதி புத்தூர் டோக்ராண்டி சண்டை, அங்க அவர் டாங்க் ஷெல் பட்டு எரிஞ்சு தான் செத்தாரு. பரம்வீர் சக்ரா விருதுக் குறிப்புல எதிரி டாங்க் சுமார் 60 போச்சு, நம்ம பக்கம் 9 தான்னு இருக்கு. எங்க சித்தப்பா 16 கேவல்ரி, ஆற்காட்டு நவாப் காலத்து குதிரைப்படையில இருந்து வந்த ரெஜிமென்ட், தெக்கத்தி ஆளுங்க நிறைய. கட்கோர்ல முன்னாடி போய் அடி வாங்குனதுல அவங்களும் உண்டு, அவங்கள போய் பயந்தாங்கொள்ளின்றீங்களா?

கோவை_டீசல்:
நான் எப்போ பயந்தாங்கொள்ளின்னு சொன்னேன்? ரெஜிமென்ட் வேற, டிவிஷன் வேற. டாங்க், லாரில வர்ற காலாட்படை, பீரங்கி எல்லாம் ஒரே அடியா விழணும், அதுக்கு தான் டிவிஷன்னு ஒண்ணு வச்சிருக்கோம். இங்க டாங்க் ஒரு பக்கம் போகுது, லாரில வர்ற காலாட்படை, அதான் 43 லாரிட் பிரிகேட், அவங்க வண்டிங்க சேத்துல மாட்டி பின்னாடி கெடக்குது. இதே 17 ஹார்ஸ் 71 போர்ல பசந்தர் ஆத்துகிட்ட 16வது தனி கவச பிரிகேடோட போய் சண்டை போட்டுச்சு, அருண் கேத்ரபால் 21 வயசுல பரம்வீர் சக்ரா வாங்குனது அங்க தான். அப்போ நம்ம பெரிய டிவிஷன் எங்க இருந்துச்சு? பஞ்சாப்ல ரிசர்வ்ல, ஒரு குண்டு வெடிக்காம.

திருச்சி_செந்தில்:
குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும், 48ல நிஜாமோட ஹைதராபாத்த புடிச்ச ஆக்‌ஷன்ல சோலாப்பூர்ல இருந்து போனதும் இதே டிவிஷன் தானே?

ரிசாலா_மணி:
அதே தான் செந்தில், ஜே.என்.சௌத்ரி தான் கமாண்டர், 65ல அவரே ஆர்மி சீஃப்.
டீசல் அண்ணே, 71ல பாகிஸ்தானோட முதல் கவச டிவிஷனும் கடைசி வரைக்கும் இறங்கலையே, அத ஏன் சொல்ல மாட்டேங்குறீங்க? நம்மாளு எதிர்ல இருந்ததால தான் அவன் கையக் கட்டிகிட்டு இருந்தான். சும்மா நிக்கிறதும் வேலை தான்ணே.

கோவை_டீசல்:
நிக்கிறதும் வேலைன்னா நேரத்துக்கு போய் நிக்கணும்ல? 2001 டிசம்பர்ல பார்லிமென்ட் அட்டாக்குக்கு அப்புறம் ஸ்ட்ரைக் கோர், அதாவது நம்ம டிவிஷன் மாதிரி உள்ள பூந்து அடிக்கிற பெரும்படைங்க எல்லாம் பார்டர் போய் சேர கிட்டத்தட்ட மூணு வாரம். அதுக்குள்ள அமெரிக்காக்காரன் ஒரு பக்கம், முஷாரஃப் டிவி பேச்சு ஒரு பக்கம்னு சூடு ஆறிப்போச்சு. கோல்ட் ஸ்டார்ட் (Cold Start), அதாவது பெரும்படை சேர காத்திருக்காம சட்டுன்னு உள்ள பூந்து அடிக்கிற திட்டம்னு பேச ஆரம்பிச்சதே இதனால தானே. ஆவடியில டாங்க் செஞ்சு செஞ்சு அனுப்பறோம், அத ரயில்ல ஏத்தி இறக்கவே நேரம் பத்தலன்னா என்ன பிரயோஜனம்?

ரிசாலா_மணி:
அது டிவிஷன் தப்பா, முடிவெடுக்க வேண்டியவங்க தப்பா? சரி நேரா கேக்குறேன், 65 செப்டம்பர் 8, நீங்க தான் கட்கோர்ல கமாண்டர். கரும்புக்காடு, எதிர்ல எத்தனை டாங்க்னு தெரியாது, உங்க காலாட்படை இன்னும் வந்து சேரல. உள்ள போவீங்களா?

கோவை_டீசல்:
நேரா ஏன் போறேன், ஒரு ஸ்குவாட்ரன, அதாவது ரெஜிமென்ட்ல ஒரு பகுதி டாங்க்குகள, எதிர்ல நிறுத்தி சுட விட்டுட்டு மிச்சத்த சுத்திகிட்டு சாவிண்டா ரயில் லைனுக்கு அனுப்புவேன், அன்னிக்கு சாயங்காலமே.

ரிசாலா_மணி:
டீசல் யாரு ஊத்துவா? சப்ளை வண்டியும் அதே சேத்துல தான் கெடக்கு அண்ணே.