வயதுக்கு வந்த பிள்ளை தன் உடம்பைப் பார்த்துக் கூசுகிறாள், என்ன செய்யலாம்?

காரைக்குடி அம்மா
மகளுக்கு 13 வயது. போன ஆடியில் வயதுக்கு வந்தாள். அப்புறம் எடை ஏறியிருக்கிறது, பின்கழுத்தும் கருத்திருக்கிறது. சாமி கும்பிடும் படைப்பு, கல்யாணம் என்று எங்கே போனாலும் "என்னடி இப்படி ஊதிட்டே, கருத்துட்டே" என்கிறார்கள். இப்போது காலையில் சாப்பிடுவதில்லை, போட்டோவுக்கும் நிற்க மாட்டாள், சிவப்பாக்கும் க்ரீம் கேட்கிறாள். 15 வயது மகன் புரோட்டீன் பவுடர் கேட்கிறான். எதில் தொடங்குவது? அடுத்த மாதம் வேறு ஒரு கல்யாணம் இருக்கிறது.

பள்ளி ஆலோசகர், தேவகோட்டை
எடையில் தொடங்காதீர்கள். பூப்பை ஒட்டி இடுப்பிலும் தொடையிலும் சதை போடுவது இயல்பான வளர்ச்சி. அதை அவளிடம் விளக்கமாகவே சொல்லுங்கள், பாதிப் பயம் அங்கேயே போய்விடும். உயரத்தையும் எடையையும் வைத்துப் பெரியவர்களுக்குப் போடும் பி.எம்.ஐ. கணக்கு இந்த வயதுக்குப் பொருந்தாது. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015-ல் வெளியிட்ட, 5 முதல் 18 வயதுக்கான வளர்ச்சி வரைபடத்தில் குறித்துத் தரச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். ஒரு நாள் எடையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, கோடு எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும். வீட்டு எடை மெஷினை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள்.

கல்யாணத்துக்கு முன்பே நெருங்கிய சொந்தங்களுக்குப் போன் போட்டு, "பிள்ளை உடம்பைப் பத்திப் பேசாதீங்க" என்று சொல்லிவிடுங்கள். "மெலிஞ்சுட்டே, அழகா இருக்கே" என்பதும் அதில் சேர்த்திதான், அதைக் கேட்டுத்தான் பல பிள்ளைகள் அடுத்த வேளையையும் தவிர்க்கிறார்கள். மீறி யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே, அவள் காதுபட, "வளர்ற பிள்ளை ஆச்சி, சரியாத்தான் இருக்கா" என்று சொல்லிப் பேச்சை மாற்றுங்கள். சபையில் அம்மா சும்மா இருந்தால், அம்மாவும் அப்படித்தான் நினைக்கிறாள் என்று அவளுக்குப் படும். வீட்டுக்கு வந்து சமாதானம் சொல்லி ஆகப்போவது கொஞ்சம்தான்.

போன வருஷ ஜாக்கெட்டுக்குள் அவளைத் திணிக்காதீர்கள். புது அளவில், உள்ளே இரண்டு அங்குலம் துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். அளவை உரக்கச் சொல்ல வேண்டாம் என்று டெய்லரிடமும், ஆல்பத்தில் முகத்தை வெளுப்பாக்க வேண்டாம் என்று போட்டோக்காரரிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

தோல் மருத்துவர்
பின்கழுத்துக் கருப்பு அழுக்கு இல்லை. பீர்க்கங்காய் நார் போட்டுத் தேய்த்தால் இன்னும் கருக்கும். தொட்டால் வெல்வெட் போலத் தடித்து, அக்குளிலும் இருந்தால், உடம்பில் இன்சுலின் சரிவர வேலை செய்யாததன் அடையாளமாக இருக்கலாம். டாக்டரிடம் காட்டி சர்க்கரை பார்த்துவிடுங்கள். அதை அவள் மேல் குற்றமாகச் சொல்லாதீர்கள்.

க்ரீம் வேண்டவே வேண்டாம். டாக்டர் சீட்டில்லாமல் வாங்கிப் பூசுகிற பல ட்யூப்களில் பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு இருக்கிறது. முதலில் முகம் பளிச்சென்று ஆகும். போகப்போகத் தோல் மெலிந்து, சிவப்பு நரம்பு தெரியும், பருவும் முடியும் கிளம்பும். நிறுத்தினால் எரியும், எரிகிறதே என்று மறுபடி பூசுவார்கள், அதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். லேபிள் இல்லாத டப்பாக்களில் பாதரசம் இருக்கலாம், அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

காரைக்குடி அம்மா
நன்றி. அப்பத்தாவிடம் சொன்னால் கோபித்துக்கொள்வார்களே? சாப்பாட்டுக்கு என்ன செய்ய?

உணவு ஆலோசகர்
காலையில் பட்டினி கிடந்தால் சாயங்காலம் தாங்க முடியாத பசி வரும். அள்ளிச் சாப்பிட்டுவிட்டு, குற்ற உணர்ச்சியில் ராத்திரி விட்டுவிடுவாள். இரண்டு இடியாப்பம், ஒரு முட்டை என்று சின்னதாகத் தொடங்குங்கள். அவளுக்கு மட்டும் தனிச் சமையல் வேண்டாம். கந்தரப்பம், அதிரசத்தை "ஆகாது" என்று ஒளித்து வைக்கவும் வேண்டாம், ஒளித்ததைத் திருட்டுத்தனமாகத் தின்னத் தோன்றும்.

உங்கள் மகன் வயதுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 45 கிராம் புரதம் போதும். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலிலும் கிட்டத்தட்ட அவ்வளவு. பருப்பு, சுண்டல், மீன் சேர்ந்தால் பவுடருக்கு வேலையே இல்லை. ஊருணியில் சட்டை கழற்றக் கூசுகிறானா என்றும் கவனியுங்கள். இந்த வயதில் பையன்களுக்கு மார்பு லேசாக வீங்குவது சகஜம், பெரும்பாலும் இரண்டு வருடத்துக்குள் வடிந்துவிடும். யாரும் சொல்லாததால் தனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொள்வார்கள்.

பள்ளி ஆலோசகர், தேவகோட்டை
அப்பத்தாவிடம் "பேசாதீங்க" என்று மட்டும் சொன்னால் கோபம்தான் வரும். "வெள்ளைப் பணியாரம் ஊத்த இவளுக்குச் சொல்லிக் குடுங்க" என்று ஒரு வேலை கொடுங்கள், பேச்சு தானாக மாவுப் பதத்துக்குப் போய்விடும்.

இதையும் பாருங்கள்: சாப்பிட்ட கையோடு பாத்ரூமுக்கு ஓடுவது, தலைசுற்றி விழுவது, எடை சட்டென்று குறைவது, ஒழுங்காக வந்த மாதவிலக்கு மூன்று மாதம் நிற்பது. ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். மனசு விட்டுப் பேச அரசின் மனநல உதவி எண் டெலி-மானஸ் 14416, எந்த நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.