ஹெச்எக்ஸ்711 தராசு: வெற்றுத் தட்டில் கிராம் ஏறுகிறது, நடுவில் எண் தாவுகிறது

மில்லுக்காரன்:
வணக்கம். எங்கள் மாவு மில்லில் உள்கணக்குக்காக நானே ஒரு தராசு செய்தேன். 40 கிலோ லோட்செல் (எடையை மின்னழுத்தமாக மாற்றும் உணரி; கொடுக்கும் ஒவ்வொரு வோல்ட்டுக்கும் முழு எடையில் 2 மில்லிவோல்ட் தரும்), அதைப் பெருக்கி 24 பிட் எண்ணாக மாற்றும் ஹெச்எக்ஸ்711 சிப் உள்ள பச்சை போர்டு, அதைப் படிக்க வைஃபை உள்ள இஎஸ்பி32 மைக்ரோகன்ட்ரோலர். எடை வைஃபையில் கம்ப்யூட்டருக்குப் போகிறது. காலையில் பூஜ்யம் வைத்தால் மதியம் வெற்றுத் தட்டு 14 கிராம் காட்டுகிறது. மேலே தகரக் கூரை. அப்புறம், 5.002, 5.001 கிலோ என்று ஒழுங்காக வரும்போதே திடீரென 7.3 என்று ஒரு எண், உடனே பழையபடி 5.001. 24 பிட் என்றால் ஒரு கோடியே 67 லட்சம் படி, படிக்கு 0.0024 கிராம். பிறகு எப்படி 14 கிராம்? சிப் போலியா?

சோல்டர்புகை:
சிப்பைத் திட்ட வேண்டாம். அந்த போர்டு லோட்செல்லுக்குக் கொடுப்பது சுமார் 4.3 வோல்ட். 40 கிலோவுக்கு 8.6 மில்லிவோல்ட், அதாவது கிராமுக்கு 0.2 மைக்ரோவோல்ட்தான். 128 மடங்கு கெயினில் (பெருக்கத்தில்), நொடிக்கு 10 அளவீடு வைத்தால் சிப்பின் சொந்த இரைச்சலே 50 நானோவோல்ட், அதாவது கால் கிராம். கீழே உள்ள பிட்டுகள் எல்லாம் சும்மா ஆடிக்கொண்டிருக்கும். 24 பிட் என்பது டப்பாவில் ஒட்டிய எண்.

14 கிராம் யார் வேலை என்று பார்க்க, லோட்செல்லிலிருந்து போர்டுக்கு வரும் ஏ-ப்ளஸ், ஏ-மைனஸ் என்ற இரண்டு சிக்னல் கம்பிகளில் ஏ-மைனஸ் கம்பியைக் கழற்றிவிட்டு, போர்டின் ஏ-ப்ளஸ், ஏ-மைனஸ் இரண்டு முனைகளையும் ஏ-ப்ளஸ் கம்பியிலேயே சேருங்கள். அப்போதும் ஏறினால் போர்டு, இல்லையென்றால் லோட்செல்.

மில்லுக்காரன்:
சேர்த்துப் பார்த்தேன் அண்ணா. காலை முதல் மதியம் வரை 2 கிராமுக்குள்தான் நகர்ந்தது.

சோல்டர்புகை:
அப்ப லோட்செல்தான். டேட்டாஷீட்டில் பூஜ்யத்தின் வெப்ப விலகல் 10 டிகிரிக்கு 0.02 சதவீதம் என்று போட்டிருந்தால், 40 கிலோவில் அது 8 கிராம். தகரக் கூரைக்கு 14 நியாயமான கணக்கு. கடைத் தராசுகள் செய்வதுபோல, தட்டு காலியாகவும் அசையாமலும் இருக்கும்போது பூஜ்யத்தைத் தானாகத் திருத்தச் சொல்லுங்கள்.

தராசுத்தட்டு:
தாவும் எண் வேறு கதை. தாவுவது வைஃபை அனுப்பும் நேரத்தில்தானா? ஹெச்எக்ஸ்711-இன் கிளாக் முனை (பிட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுக்க இஎஸ்பி32 துடிப்பு கொடுக்கும் முனை) 60 மைக்ரோநொடிக்கு மேல் உயரத்தில் நின்றால் சிப் தூங்கிவிடும். 25 துடிப்பு கொடுத்துப் படிக்கும்போது நடுவில் இன்டரப்ட் (வைஃபை போன்ற வேறு வேலைக்காக இஎஸ்பி32 பாதியில் விட்டுப் போவது) புகுந்தால் மிச்ச பிட்டுகள் குப்பை. அந்த 25 துடிப்புக்கு மட்டும் இன்டரப்டை நிறுத்துங்கள். தூங்கி எழுந்தால் 10 அளவீட்டு வேகத்தில் நிலைக்க 400 மில்லிநொடி ஆகும், அதுவரை வரும் எண்ணைத் தூக்கிப் போடுங்கள். சராசரி எடுத்து மறைக்காதீர்கள், ஒரு 7.3 மொத்தத்தையும் இழுத்துவிடும்.

இன்னொன்று: அந்தத் தராசில் போட்டு மாவு விற்காதீர்கள். அதற்கு எடையளவுத் துறை முத்திரை வேண்டும்.

மில்லுக்காரன்:
இன்டரப்டை நிறுத்தியதும் தாவல் போயே போச்சு. மூன்று நாளாக ஒன்றுகூட இல்லை. விற்பனைக்கு முத்திரைத் தராசு தனியாக இருக்கிறது. தானாகப் பூஜ்யம் மட்டும் வம்பு: புனலில் மாவு மெதுவாகச் சொட்டும்போது அதையும் காலித் தட்டு என்று நினைத்து விழுங்குகிறது. நேற்று தட்டைத் துடைத்தால் எண் மைனஸ் 22 கிராம்.

சோல்டர்புகை:
எல்லை வைக்கவில்லை, அதுதான். நொடிக்கு அரை கிராமுக்கு மேல் மாறினால் திருத்தாதே, மொத்தத்தில் 20 கிராமுக்கு மேல் போகாதே என்று எழுதுங்கள். புனல் திறந்திருக்கும்போது திருத்தவே வேண்டாம், புனல் வால்வைத் திறக்கும் ரிலேயிலிருந்து இஎஸ்பி32-க்கு ஒரு கம்பி இழுத்தால் போதும்.