ஆஸ்கர் இறுதிப் பட்டியல்வரை சென்ற ‘அன் ப்ரொஃபெத்’: பார்த்தவர்களின் அனுபவங்கள்

பாரிஸ் புறநகரிலிருந்து:

ழாக் ஓதியார் இயக்கிய பிரெஞ்சுப் படமான ‘அன் ப்ரொஃபெத்’ 2009 மே மாதம் கான் திரைப்பட விழாவில் இரண்டாவது பெரிய பரிசான கிராண்ட் பிரி விருதைப் பெற்று, அதே ஆண்டு ஆகஸ்டில் இங்கே திரையரங்குகளுக்கு வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத பத்தொன்பது வயது மாலிக், ஆறாண்டுத் தண்டனையுடன் சிறைக்குள் நுழைகிறான். அங்கே பிரான்சின் கோர்சிகாத் தீவைச் சேர்ந்த கும்பலின் தலைவரான லுச்சியானி வைத்ததுதான் சட்டம். ரெயெப் என்ற கைதியைக் கொல்ல வேண்டும், மறுத்தால் உன் உயிர் போகும் என்று மாலிக்குக்குக் கட்டளை வருகிறது. சவர பிளேடை வாய்க்குள் ஒளித்து வைக்க அவன் தன் அறையில் தனியாகப் பழகும்போது உதட்டிலிருந்து இரத்தம் வழியும். அந்தக் காட்சியில் அரங்கில் ஒருவரும் அசையவில்லை. கொலை முடிந்த பிறகும் ரெயெப் அவனை விட்டுப் போவதில்லை. மாலிக்கின் கண்ணுக்கு மட்டும் தெரியும் ஆவியாக, அறைத்தோழனைப் போல ஆண்டுக்கணக்கில் கூடவே இருக்கிறான்.

என்னை அதிகம் பாதித்தது வேறொரு பகுதி. லுச்சியானியின் ஆட்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்து, ஏச்சும் அடியும் வாங்கிக்கொண்டு, அவர்கள் தங்களுக்குள் பேசும் கோர்சிகா மொழியை மாலிக் யாருக்கும் தெரியாமல் கற்றுக்கொள்கிறான். இந்நகரத்து உணவகச் சமையலறைகளில் பாத்திரம் கழுவி வாழ்க்கையைத் தொடங்கிய நம்மவர்கள் பலருக்கு, புரியாதவர்போல முகத்தை வைத்துக்கொண்டு காதைக் கூர்மையாக்கும் அந்த நிலை நன்கு தெரியும். நானும் அப்படித்தான் பிரெஞ்சு கற்றேன். மாலிக்காக நடித்த தஹார் ரஹீம் அந்த முகத்தை எங்கிருந்து பெற்றார் என்ற வியப்பு எனக்கு இன்னும் தீரவில்லை.

டொராண்டோவிலிருந்து:

மேலே எழுதிய அண்ணன் குறிப்பிட்ட அந்த மொழி விஷயம் முதல்முறை பார்த்தபோது எனக்குப் பாதிதான் கிடைத்தது. நான் பார்த்த பிரதியில் பிரெஞ்சு, அரபு, கோர்சிகா மொழி ஆகிய மூன்றுமே ஒரே நிறத்து ஆங்கில வரிகளாகத் திரையின் அடியில் ஓடின. யார் எந்த மொழிக்கு எப்போது மாறுகிறார், யாரை விலக்கி வைப்பதற்காக மாறுகிறார் என்பதை ஓசையைக் கொண்டு நாமே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. சிறை முற்றத்தில் அதிகாரம் கைமாறும் கதையே அந்த மாற்றங்களுக்குள்தான் இருக்கிறது. ஆஸ்கருக்கு வாக்களித்த அமெரிக்கர்களும் இதே வரிகளைத்தான் வாசித்திருப்பார்கள் என்ற எண்ணம் எனக்கு அப்போதே வந்தது.

2010 மார்ச் 7 அன்று நடந்த ஆஸ்கர் விருது விழாவை விழித்திருந்து பார்த்தேன். சிறந்த அயல்மொழிப் படத்துக்கான இறுதிப் பட்டியலில் ஜெர்மனியின் ‘தி ஒயிட் ரிப்பன்’, பெருவின் ‘தி மில்க் ஆஃப் சாரோ’, இஸ்ரேலின் ‘அஜாமி’, அர்ஜென்டினாவின் ‘தி சீக்ரெட் இன் தெயர் ஐஸ்’ ஆகியவை உடன் இருந்தன. கானில் முதல் பரிசான தங்கப்பனையை வென்றதும், அமெரிக்காவின் கோல்டன் குளோப் விருதில் நம் படத்தை முந்தியதும் ‘தி ஒயிட் ரிப்பன்’ என்பதால், போட்டி இவ்விரண்டுக்கும் இடையில்தான் என்று நான் உறுதியாக நம்பியிருந்தேன். வென்றதோ அர்ஜென்டினா. அப்போதைய விதிப்படி, ஐந்து படங்களையும் திரையிடலில் பார்த்த உறுப்பினர்கள் மட்டுமே இறுதி வாக்களிக்க முடியும். அத்தனையையும் உட்கார்ந்து பார்த்தவர்களின் மனம், காதலும் குற்றமும் கலந்த அக்கதையின் பக்கம் சாய்ந்ததை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. பிரிட்டனின் பாஃப்டா இப்படத்துக்கே பரிசளித்தது. பிரான்ஸ் ஒன்பது செசார் விருதுகளை வழங்கியது. லுச்சியானியாக நடித்த நீல்ஸ் அரெஸ்ட்ரூப்புக்குக் கிடைத்ததும் அவற்றுள் ஒன்று. கடைசியில் முற்றத்து மண்ணில் தனியாக விழுந்து கிடக்கும் அந்தக் கிழவரின் மீது, அவர் செய்த அத்தனைக்குப் பிறகும், இரக்கம் சுரக்க வைத்த நடிப்பு அது.

மீண்டும் பாரிஸ் புறநகரிலிருந்து, இன்னொருவர்:

நான் இப்படத்துக்குத் தாமதமாக வந்தவள். 2015இல் ஈழத்து அகதிகளைப் பற்றிய ஓதியாரின் ‘தீபன்’ கானில் தங்கப்பனையை வென்றபோதுதான் அவருடைய முந்தைய படங்களைத் தேடினேன். ஒரு நாடு ஒரு படத்தைத்தான் ஆஸ்கரின் அயல்மொழிப் படப் பிரிவுக்கு அனுப்பலாம் என்பதால், அந்த ஆண்டு பிரான்ஸ் ‘தீபனை’ விட்டுவிட்டுத் துருக்கிய மொழியில் எடுக்கப்பட்ட ‘முஸ்டாங்’ படத்தை அனுப்பியது. நம் மொழி பேசும் ஒரு படம் அந்த மேடைக்குப் போயிருக்கலாமே என்று எனக்கு மிகுந்த வருத்தம்.

‘அன் ப்ரொஃபெத்’ படத்தில் நான் மறவாதது விமான நிலையக் காட்சி. ஒரு நாள் விடுப்பில் வெளியே வந்த மாலிக்கை அங்கே பாதுகாப்புச் சோதனைக்கு நிறுத்துகிறார்கள். கைகளை விரித்து நின்றவன், யாரும் கேட்காமலேயே வாயைத் திறந்து நாக்கை நீட்டுகிறான். சிறைச் சோதனைகளில் ஊறிய உடம்பு அது. சிறை ஒருவனை என்ன செய்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்டிய வேறொரு காட்சியை நான் பார்த்ததில்லை. நீங்கள் இருவரும் இதைப் பற்றி எழுதாததால்தான் நான் எழுத வந்தேன்.