ஓட்டு வீட்டில் வெளிச்சம் போதவில்லை, அணைத்த பல்பும் மினுங்குகிறது: 1500 ரூபாய்க்குள் என்ன செய்யலாம்?

கேட்டவர், பாலக்கோடு

வணக்கம். எங்களுடையது உயரமான பழைய ஓட்டு வீடு. நடுவீட்டில் உத்தரத்தை ஒட்டி ஒரு டியூப்லைட். போட்டால் ஐந்தாறு தடவை மின்னித்தான் பிடிக்கிறது, இரண்டு முனையும் கறுத்துவிட்டது. பிடித்த பிறகும் வெளிச்சம் போதவில்லை. பெண் பத்தாவது படிக்கிறாள். எழுதினால் அவள் தலை நிழலே நோட்டில் விழுகிறது. அம்மா முறத்தில் அரிசி போட்டுக் கல் பொறுக்குவதைப் பகலிலேயே முடித்துவிடுகிறார்.

இன்னொரு தொல்லை, திண்ணையில் இருக்கும் 9 வாட் எல்இடி பல்பு. அணைத்தாலும் ராத்திரி முழுக்க மங்கலாக மினுங்குகிறது. ஒரே வருடத்தில் மூன்று பல்பு மாற்றியாகிவிட்டது. கையில் 1500 ரூபாய் இருக்கிறது. எதிலிருந்து ஆரம்பிப்பது?

வயரிங் வேலை செய்பவர், காவேரிப்பட்டணம்

அண்ணா, திண்ணையை முதலில் பாருங்கள். சுவிட்சில் சின்னச் சிவப்பு விளக்கு இருக்கிறதா? இருந்தால் அதன் வழியாகக் கசியும் கரண்டே எல்இடியை மினுக்கப் போதும். இல்லையென்றால், பேஸ் வயரில், அதாவது கரண்ட் வரும் வயரில் வர வேண்டிய சுவிட்சை, கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் வயரில் கொடுத்திருக்கலாம். பழைய வயரிங்கில் இதை நிறையப் பார்க்கிறேன். குண்டு பல்பு அவ்வளவு குறைந்த கரண்டில் எரியாது என்பதால் அந்தக் காலத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது.

மினுங்குவதோடு போனால் பரவாயில்லை. சுவிட்ச் நியூட்ரலில் இருந்தால், அணைத்த பிறகும் ஹோல்டரில் பேஸ் நிற்கும். பல்பு மாற்றும்போது விரல் பட்டால் ஷாக்தான். மெயினை இறக்காமல் இனி அதைத் தொடாதீர்கள். வயர்மேனுக்கு இது சின்ன வேலை, நீங்களே செய்ய வேண்டாம்.

பல்பு கண்ணாடிக் குண்டுக்குள் மூடியிருக்கிறதா? சூடு வெளியேறாவிட்டால் எல்இடி சீக்கிரம் போகும்.

நடுவீட்டுக்கு 20 வாட் எல்இடி டியூப் செட் போடுங்கள். பழைய டியூப் 40 வாட், அதன் சோக்கு தனியாக 10 வாட் இழுக்கும். தினம் 5 மணி நேரம் எரித்தால் இரண்டு மாத பில்லில் 9 யூனிட் குறையும். இலவச யூனிட் அளவை ஒட்டி ஓடும் வீட்டுக்கு அது பெரிய விஷயம்.

ஓட்டு வீட்டுக்காரி, தர்மபுரி

தம்பி, செட் மாற்றினாலும் அதே உத்தரத்தில் மாட்டாதீர்கள். நான் அப்படித்தான் செய்து ஏமாந்தேன். மேலே போகும் வெளிச்சத்தைக் கறுத்த ஓடு குடித்துவிடும். சுவரில் 7 அடி உயரத்துக்கு இறக்கி, அந்தச் சுவருக்கு வெள்ளை அடித்துவிடுங்கள். சுண்ணாம்பே போதும்.

படிக்கிற இடத்துக்குத் தனியாக ஒரு 9 வாட் பல்பு தொங்கவிடுங்கள். 10 அடி தூரத்தில் இருப்பதை 5 அடிக்குக் கொண்டுவந்தால் நோட்டில் விழும் வெளிச்சம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். பாப்பா வலது கையால் எழுதினால் பல்பு இடது பக்கம் இருக்கட்டும், கை நிழல் எழுத்தில் விழாது. நாங்கள் சந்தையில் வாங்கிய சின்ன மூங்கில் கூடையின் அடியில் ஓட்டை போட்டு, கவிழ்த்து மாட்டியிருக்கிறோம். கண் கூசாது, கூடையின் பின்னல் சுவரில் கோலம் போட்ட மாதிரி விழும். குண்டு பல்பை மட்டும் அதில் போட்டுவிடாதீர்கள், சூட்டில் மூங்கில் கருகும்.

பல்பு அட்டைப் பெட்டியில் 6500 கே என்றிருந்தால் வெள்ளை வெளிச்சம், 3000 கே என்றால் மஞ்சள். படிக்க வெள்ளை நல்லது. படுக்கும் இடத்துக்கு மஞ்சள் போடுங்கள், இதமாக இருக்கும்.

வயரிங் வேலை செய்பவர், காவேரிப்பட்டணம்

அக்கா சொன்னது சரி. கூடையின் பாரம் மட்டும் வயரில் தொங்கக் கூடாது. உத்தரத்தில் கொக்கி அடித்துக் கயிற்றில் கட்டுங்கள். நடுவில் ஒட்டுப்போடாத வயராக இருக்கட்டும்.

கேட்டவர், பாலக்கோடு

வேலை முடிந்தது. திண்ணை சுவிட்ச் நியூட்ரலில்தான் இருந்தது. பத்து வருடமாக அதைத் தொட்டுத் தொட்டுப் பல்பு மாற்றியிருக்கிறோம், நினைத்தால் கை நடுங்குகிறது. கண்ணாடிக் குண்டைக் கழற்றினால் உள்ளே ஒரு பிடி ஈசல் இறகு.

டியூப் செட், இரண்டு பல்பு, ஹோல்டர், வயர், கூடை, வயர்மேன் கூலி எல்லாம் சேர்த்து 1280 ஆனது. மீதியில் சுண்ணாம்பு வாங்கி நடுவீட்டுச் சுவருக்கு அடித்துவிட்டேன். நேற்று ராத்திரி எட்டு மணிக்கு அம்மா முறத்தை எடுத்துக்கொண்டு கூடை விளக்குக்குக் கீழே வந்து உட்கார்ந்தார். பெண் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தாள்.