புதுப்பிப்பு: பழைய பெட்டியில் ஆர்சிசிபி போட்டாயிற்று

கீசர் போட்டால் குழாயில் லேசாக ஷாக் அடிக்கிறது, வீட்டு மெயின் பெட்டியில் எம்சிபிக்கள் (கரண்ட் அளவு மீறினால் விழும் சுவிட்சுகள்) மட்டும்தான், பெட்டியை மாற்றாமல் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) சேர்க்கலாமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். சேர்த்தாயிற்று. மெயினுக்கு அடுத்து, 40 ஆம்பியர் வரை தாங்குவது, 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கு விழுவது, ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும் டபுள் போல் வகை. இரண்டு மாட்யூல் இடம் காலியாக இருந்தது அதிர்ஷ்டம்.

ஆனால் ஹால் விளக்கைப் போட்டாலே ஆர்சிசிபி டிரிப் ஆகி விழுந்தது! கீசரைக் கழற்றிப் பார்த்தோம், அப்போதும் அதே கதை. எலெக்ட்ரீஷியன் அண்ணன் அரை நாள் தேடிக் கண்டுபிடித்தார்: ஹாலுக்கு ஃபேஸ் ஆர்சிசிபி வழியாகப் போகிறது, நியூட்ரல் மட்டும் நேராக மெயினுக்குத் திரும்புகிறது. போகிற கரண்டும் வருகிற கரண்டும் சமமாக இல்லையென்றால் அது விழத்தானே செய்யும். நியூட்ரலையும் ஆர்சிசிபி வழியாக மாற்றியதும் டிரிப் நின்றது.

சரி, கீசர்? சாக்கெட்டில் எர்த் வயர் கழன்றே கிடந்தது. அதை முறுக்கிவிட்டு கீசரைப் போட்டதும் மறுபடி விழுந்தது. இந்த முறை நிஜக் கசிவு, எலிமென்ட் (தண்ணீரைச் சூடாக்கும் பாகம்) போயிருந்தது. எம்சிபி இத்தனை நாள் அசையவே இல்லை. ஓவர்லோடும் ஷார்ட்டும்தான் அதற்குத் தெரியும். ஆர்சிசிபிக்கோ அவை தெரியாது, அதனால் எம்சிபிக்களும் அப்படியே இருக்கின்றன. புது எலிமென்ட் நாளை வருகிறது, அதுவரை அடுப்பில்தான் வெந்நீர்.