மஸ்கட்டிலிருந்து திரும்புகிறோம்: பேர் பெற்ற பள்ளியா, வீட்டுப் பக்கத்துப் பள்ளியா?

மஸ்கட்_அம்மா:
ஏழு வருஷம் கழித்து வரும் டிசம்பரில் சிங்கப்பூர் திரும்புகிறோம், எல்லோரும் குடியுரிமை உள்ளவர்கள்தான். வீடு தீவின் வடகிழக்கே பொங்கோலில். மகளுக்கு அடுத்த ஆண்டு 14 வயது, அதாவது உயர்நிலைப் பள்ளியில் இரண்டாம் ஆண்டு (உயர்நிலை 2). இங்கே இந்தியப் பள்ளியில் படித்தாள், இரண்டாம் மொழி இந்தி. தமிழ் நன்றாகப் பேசுவாள், எழுதச் சொன்னால் ல, ள, ழ மூன்றும் ஒன்றுதான். வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு பள்ளி இருக்கிறது. என் கணவருக்கோ புக்கிட் தீமா பக்கம் உள்ள பேர் பெற்ற பள்ளி ஒன்றில்தான் சேர்க்கவேண்டுமாம், ஒவ்வொரு பள்ளியிலும் சேரத் தேவையான கட் ஆஃப் புள்ளியை எல்லாம் எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். என்ன செய்யலாம்?

பீட்டிரோடு_அப்பா:
முதலில் அந்தக் கட் ஆஃப் தாளை மடித்து வைக்கச் சொல்லுங்கள் சகோதரி. அது தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ எழுதி உயர்நிலை 1-க்குப் போகிறவர்களுக்கு. நடுவில் சேரும் பிள்ளைக்கு அந்த வகுப்பில் இடம் காலியாக இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. நேராகப் பள்ளி அலுவலகத்தைக் கேட்கலாம், இல்லாவிட்டால் வெளிநாட்டிலிருந்து திரும்பும் பிள்ளைகளுக்காகக் கல்வி அமைச்சு நடத்தும் ஸ்பெர்ஸ் தேர்வு எழுதலாம். பதிவு நாளைத் தவறவிட்டுவிடாதீர்கள்.

அப்புறம், பள்ளியில் கேட்கவேண்டிய முதல் கேள்வி “தமிழ் இங்கேயே நடக்கிறதா?” என்பது. நாங்கள் கேட்கவில்லை. மகன் படித்த பள்ளியில் தமிழ் எடுத்தவர்கள் ஒரு கை விரலுக்குள் அடங்குவார்கள், அதனால் பள்ளி முடிந்ததும் பீட்டி ரோட்டில் உள்ள உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்துக்குப் போகவேண்டும். அங்கே ஆசிரியர்கள் அருமை, அவனுக்குத் தமிழ் நண்பர்கள் கிடைத்ததே அங்கேதான், அதில் குறை சொல்லமாட்டேன். ஆனால் காலை 5.40-க்கு எழுந்த பையன், மதியம் பாதி சாப்பிட்டும் சாப்பிடாமலும் எம்ஆர்டி ரயில் ஏறி, வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்து, ஒரு காலில் காலுறையோடு சோபாவிலேயே தூங்கிவிடுவான். இணைப்பாட நடவடிக்கை உள்ள நாளில் இன்னும் மோசம். பொங்கோலிலிருந்து புக்கிட் தீமாவுக்கு லிட்டில் இந்தியாவில் ரயில் மாறி ஒரு நாள் காலையில் நீங்களே போய்ப் பாருங்கள், புத்தகப்பையோடு.

சிராங்கூன்காரி:
பேர் பெற்ற பள்ளி சாப் எனப்படும் சிறப்பு உதவித் திட்டப் பள்ளியாக இருந்தால் பேச்சே இல்லை, அது சீன மொழிக்கானது.

தமிழ் எழுத்து அவ்வளவு சிரமம் என்றால் இந்தியையே தாய்மொழிப் பாடமாக எடுக்கலாமே? இங்கே அனுமதி உண்டு. பெரும்பாலும் சனிக்கிழமை மையத்துக்குப் போகவேண்டியிருக்கும்.

மஸ்கட்_அம்மா:
அதை நானும் யோசித்தேன். மாமியார் காதில் விழுந்தால் நான் மஸ்கட்டிலேயே இருந்துவிடவேண்டியதுதான்.

தமிழாசிரியை_வடக்கு:
பேசத் தெரிந்த பிள்ளைக்கு எழுத்து வந்துவிடும், பயப்படாதீர்கள். இங்கே வாய்மொழித் தேர்வு, கேட்டல் தேர்வு எல்லாம் உண்டு, அதில் உங்கள் மகள் இங்கேயே வளர்ந்த பல பிள்ளைகளைவிட நன்றாகச் செய்யக்கூடும். உண்மையிலேயே முடியவில்லை என்றால் தமிழ் ‘பி’ என்று எளிதான பாடத்திட்டம் இருக்கிறது. தாய்மொழிப் பாடத்திலிருந்து விலக்கும் கேட்கலாம், ஆனால் அதிலேயே தொடங்காதீர்கள்.

இன்னொன்று. எக்ஸ்பிரஸ், நார்மல் என்று உங்கள் காலத்தில் பிள்ளைகளைப் பிரித்தது இப்போது இல்லை. 2024-இல் உயர்நிலை 1 சேர்ந்தவர்களிலிருந்து முக்கியப் பாடங்கள் ஒவ்வொன்றையும் ஜி1, ஜி2, ஜி3 என்று தனித்தனி நிலையில் எடுக்கலாம் (ஜி3 தான் கடினமானது), 2027 முதல் உயர்நிலை இறுதித் தேர்வுகளான ஓ லெவல், என் லெவல் இரண்டும் போய் எஸ்இசி என்று ஒரே சான்றிதழ். கணக்கு ஜி3, தமிழ் ஜி2 என்றுகூட வைத்துக்கொள்ளலாம். அதனால் பள்ளியிடம் “ஆண்டு நடுவில் நிலை மாற்ற விடுவீர்களா, எப்போது?” என்று கேளுங்கள். அவர்கள் பதில் சொல்லும் விதத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

கோவை_டு_சிங்கை:
நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். நாங்கள் வேலை அனுமதியில் வருகிறோம், மகன் எட்டாம் வகுப்பு. எங்களுக்கும் இதேதானா?

பீட்டிரோடு_அப்பா:
இல்லை தம்பி, உங்களுக்கு வெளிநாட்டு மாணவர்களுக்கான சேர்க்கைத் தேர்வு, ஏஇஐஎஸ். ஆங்கிலம், கணக்கு இரண்டு தாள்தான், ஆனால் கணக்கு நம் ஊர்க் கணக்கு மாதிரி இருக்காது, பழைய தாள்களைப் போட்டுப் பழகட்டும். உயர்நிலை 3 வரைதான் சேரமுடியும், தேர்ச்சி பெற்றாலும் பள்ளியை நீங்கள் தேர்ந்தெடுக்கமுடியாது, இடம் இருக்கும் பள்ளியை அமைச்சே கொடுக்கும். ஒரு வகுப்பு கீழே போட்டாலும் மனம் உடையவேண்டாம். கட்டணமும் குடிமக்களுக்கு மாதிரி சொற்பமாக இருக்காது, பல மடங்கு, பார்த்துக்கொள்ளுங்கள்.

மஸ்கட்_அம்மா:
எல்லோருக்கும் நன்றி. பக்கத்துப் பள்ளிக்குப் போன் போட்டேன். தமிழ் அங்கேயே நடக்கிறதாம், உயர்நிலை 2-இல் இடம் இருக்குமா என்று நவம்பரில்தான் தெரியுமாம். கணவர் இன்னும் புக்கிட் தீமாவை விடவில்லை. சரி, அடுத்த மாதம் விடுமுறைக்கு வருகிறோம், காலை ஆறு மணிக்கு அவரைப் பொங்கோல் எம்ஆர்டியில் ஏற்றிவிடப்போகிறேன்.