12 வோல்ட் பல்பின் மின்தடையை அளந்தால் கணக்கில் 55 வாட் வருகிறது, மீட்டர் பழுதா?

மின்மினி:
வணக்கம். 12 வோல்ட், 5 வாட் என்று அச்சிட்ட சின்ன மின்னிழை பல்ப் ஒன்று கையில் இருக்கிறது. எதிலும் மாட்டாமல், மல்டிமீட்டரை ஓம் ரேஞ்சில் வைத்து மின்தடையைப் பார்த்தேன்: 2.6 ஓம். சரி என்று கணக்குப் போட்டேன். 12-ஐ 2.6-ஆல் வகுத்தால் 4.6 ஆம்பியர். அதை 12-ஆல் பெருக்கினால் 55 வாட்! அச்சிட்டிருப்பதைப் போல பதினோரு மடங்கு. மூன்று தடவை அளந்துவிட்டேன். பொய் சொல்வது மீட்டரா, பல்பா, இல்லை நான்தான் உளறுகிறேனா? 1 ஆம்பியர் ஃப்யூஸ் போட்ட பேட்டரியில் மாட்ட நினைத்திருந்தேன், இப்போது பயமாக இருக்கிறது.

ஃப்யூஸ்வயர்:
முதலில் மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு, என்ன காட்டுகிறது என்று சொல்லுங்கள்.

மின்மினி:
0.3 ஓம்.

ஃப்யூஸ்வயர்:
அது வயர்களின் மின்தடை. கழித்தால் பல்ப் 2.3 ஓம்தான். கணக்கு இன்னும் மோசமாகிறது, 60 வாட்டைத் தாண்டும். ஆனால் மீட்டர் நல்ல மீட்டர்.

பழைய சால்டர்:
தம்பி, மீட்டரும் பொய் சொல்லவில்லை, பல்பும் பொய் சொல்லவில்லை. நீங்கள் அளந்தது குளிர்ந்த இழையை. எரிகிற இழை வேறு ஆள். டங்ஸ்டன் சூடாக ஆக அதன் மின்தடை ஏறும். வெள்ளையாக எரியும்போது பத்துப் பன்னிரண்டு மடங்குக்கும் மேல் போய்விடும். அச்சிட்ட எண்ணிலிருந்தே கணக்குப் போடலாம். 12 வோல்ட்டை 12-ஆல் பெருக்கினால் 144, அதை 5 வாட்டால் வகுத்தால் 28.8 ஓம். எரியும்போது இருக்க வேண்டிய மின்தடை அதுதான்.

உங்கள் 4.6 ஆம்பியரும் முழுப் பொய் அல்ல. சுவிட்சைப் போட்ட அந்த முதல் கணத்தில் அதற்குப் பக்கத்தில் பாயும், இழை சூடானதும் மளமளவென்று இறங்கிவிடும். பல்புகள் பெரும்பாலும் சுவிட்ச் போடும்போதே ஃப்யூஸ் போவது இதனால்தான். நேரம் மிகக் குறைவு என்பதால் மெதுவாக உருகும் வகை 1 ஆம்பியர் ஃப்யூஸ் தாங்கும்.

நம்பிக்கை வரவில்லை என்றால் எரியவிட்டு அளந்து பாருங்கள். மின்னோட்டத்துக்கு மீட்டர் தொடரில் (பேட்டரிக்கும் பல்புக்கும் நடுவே), மின்னழுத்தத்துக்குப் பல்புக்குக் குறுக்கே. எரியும்போது மட்டும் ஓம் ரேஞ்சைத் தொடவே தொடாதீர்கள்.

மின்மினி:
அண்ணா, தொடரில் மாட்டினேன். பல்ப் எரியவே இல்லை, மீட்டர் 0.00 காட்டுகிறது. மீட்டரை எடுத்துவிட்டு நேராகக் கொடுத்தால் ஜம்மென்று எரிகிறது.

ஃப்யூஸ்வயர்:
சிவப்பு வயரை எந்தத் துளையில் செருகினீர்கள்?

மின்மினி:
மில்லி ஆம்பியர் என்று போட்டிருந்ததில். பக்கத்தில் 200 என்று இருந்தது.

ஃப்யூஸ்வயர்:
போச்சு. மீட்டருக்குள் இருக்கும் சின்ன ஃப்யூஸ் போயிருக்கும். இந்தப் பல்புக்கே 400 மில்லி ஆம்பியருக்கு மேல் வேண்டும், தொடக்கப் பாய்ச்சல் தனி. எல்லோரும் ஒரு தடவை செய்கிற தப்புதான், நான் இரண்டு தடவை செய்தவன். ஃப்யூஸை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம், அதே அளவில் மாற்றுங்கள், வெறும் கம்பி போட்டுவிடாதீர்கள். இப்போதைக்கு 10 ஆம்பியர் துளையில் செருகுங்கள், அதற்கு வழி தனி. அளந்து முடித்ததும் வயரை மறக்காமல் வோல்ட் துளைக்கு மாற்றுங்கள். ஆம்பியர் துளையிலேயே விட்டுவிட்டுப் பேட்டரியின் இரு முனைகளையும் தொட்டால் அது நேரடி ஷார்ட்.

மின்மினி:
வேலை செய்துவிட்டது! 0.41 ஆம்பியர். பிறகு மீட்டரை எடுத்துவிட்டுப் பல்பின் குறுக்கே பார்த்தால் 12.2 வோல்ட். வகுத்தால் 29.8 ஓம், பெருக்கினால் 5.0 வாட். ஒரே பல்ப், 2.3 ஓம் எங்கே, 29.8 எங்கே! அப்படியானால் ஓம் விதி பல்புக்குப் பொருந்தாதா?

பழைய சால்டர்:
இரண்டையும் ஒரே நேரத்தில் அளக்காததால் ஒரு துளி பிழை இருக்கும், அதை விடுங்கள். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் அந்த நிமிடத்து மின்தடை. பெருக்கினால் அந்த நிமிடத்து திறன். இது எப்போதும் சரி. அந்த மின்தடை அப்படியே இருக்கும் என்று நினைத்து வேறு வோல்ட்டுக்குக் கொண்டுபோவதில்தான் வில்லங்கம். ஓம் விதி வெப்பநிலை மாறாதபோதுதான் செல்லும். 6 வோல்ட் கொடுத்துப் பாருங்கள், ஆனால் முதலில் என்ன வரும் என்று எழுதி வைத்துவிட்டு.

மின்மினி:
எழுதி வைத்தது: 6-ஐ 29.8-ஆல் வகுத்து 0.20 ஆம்பியர், 1.2 வாட். வந்தது: 0.28 ஆம்பியர். அதாவது 21.4 ஓம், 1.7 வாட். வெளிச்சம் மங்கி ஆரஞ்சு நிறத்தில் இருக்கிறது, இழை அவ்வளவு சூடாகவில்லை போல.

பழைய சால்டர்:
அதேதான்.

அணில்:
இடையில் ஒரு வார்த்தை. மின்தடை மாறாத பொருளோடு ஒப்பிட வேண்டுமென்றால் 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை எடுங்கள் (மேலே உள்ள நிறப் பட்டைகள் பழுப்பு, கறுப்பு, பழுப்பு). ஆனால் 12 வோல்ட்டில் மாட்டிவிடாதீர்கள். 144-ஐ 100-ஆல் வகுத்தால் 1.44 வாட், கால் வாட் ரெசிஸ்டர் புகைந்துவிடும். 5 வோல்ட்டில் சரியாகக் கால் வாட், அதுதான் எல்லை. 3 வோல்ட் கொடுங்கள், 30 மில்லி ஆம்பியர் வரும்.

மின்மினி:
30 மில்லி ஆம்பியர் அளக்க அந்த ஃப்யூஸ் வேண்டுமே. வாங்கிவிட்டு வருகிறேன்.